இஷ்ட ஓட்டு

ஹெல்காம்ப் பள்ளத்தில் யாரும் சேவல் கூவி எழுந்ததில்லை. நாய்கள் பாடித்தான் எழுந்தார்கள். விடியும் நேரத்தில் கொட்டடியில் ஏதாவது ஒன்று மூக்கை மேலே தூக்கி ஓர் ஊளையை ஆரம்பிக்கும். அது மூச்சு விடுவதற்குள் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் முப்பத்துச் சொச்சமும் சேர்ந்துகொண்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஐவிக்கு இந்தச் சத்தம் ஆகவே ஆகாது.

"உன் மச்சான்மாரு ஆரம்பிச்சிட்டாங்க. போய் வாயை அடை, போ" என்று புருஷன் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளுவாள்.

"பாடட்டும் விடுடி. பாடுற வரைக்கும் எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்பான் டெஸ்மண்ட். சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் பூட்ஸைத் துழாவுவான்.

இங்கிலாந்தின் டெவன் மேட்டு நிலத்து நரி வேட்டைக் குழு ஒன்றுக்கு அவன் கொட்டடிக்காரன். அவன் அப்பனும் அதே வேலைதான். நான் இங்கே நாய் நாய் என்று எழுதுவது அவன் காதில் விழாமல் இருக்கட்டும். அவனுக்கு அவை நாய்கள் அல்ல, ஹவுண்டுகள். நாய் என்பது கசாப்புக் கடைக்காரன் வீட்டில் இருப்பது. அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு: அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது. ஜோடிக் கணக்குத்தான். முப்பத்தேழு நாய் இருந்தால் பதினெட்டரை ஜோடி. தனியாக நிற்கும் ஒரு நாய்க்கு அந்தக் கணக்கில் பெயர் அரை ஜோடி. ஐவி ஆரம்பத்தில் இதைக் கேட்டுச் சிரித்தாள். இப்போது மளிகைக் கடையில் முட்டை வாங்கும்போதே அவளுக்கு ஜோடிக் கணக்கு வாயில் வந்துவிடுகிறது.

வேட்டைக்குத் தடைச் சட்டம் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அதற்கப்புறம் ஒருவன் நரி வாடை தோய்த்த துணியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு காடுமேடெல்லாம் ஓடுவான், நாய்கள் பின்னால் ஓடும், குதிரைக்காரர்கள் அதற்குப் பின்னால் ஓடுவார்கள். "பொம்மைக் கல்யாணம்" என்பான் டெஸ்மண்ட். ஆனாலும் கொட்டடி இருந்தது, நாய்களுக்குக் கஞ்சி வெந்தது, குழுவுக்குச் சொந்தமான அந்த வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். போன குளிர்காலத்தில்தான் குழுத் தலைவர் ட்ரெஹெர்ன் வந்து, அடுப்புப் பக்கம் நின்றபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தார். பாதி நிலக்காரர்கள் இனி குழுவைத் தங்கள் நிலத்துக்குள் விடமாட்டார்களாம். வருகிறவர்களும் குறைந்துவிட்டார்களாம். சட்டம் மாறினால் குழு பிழைக்கும். மாறாவிட்டால் கோடை முடிந்ததும் கொட்டடியை மூட வேண்டியதுதான்.

கொட்டடியை மூடுவது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வயசான நாய், கால் போன நாய், ஓட முடியாத நாய் எல்லாவற்றையும் முடித்துவைப்பது கொட்டடிக்காரன் வேலை. முப்பது வருஷத்துக்கும் மேலாக டெஸ்மண்ட்தான் அதைச் செய்கிறான். பின் கொட்டகைக்குக் கூட்டிப்போவான், பிஸ்கட் கொடுப்பான், காதைத் தடவிக்கொண்டே கைத்துப்பாக்கியை நெற்றியில் வைப்பான். அப்படிப்பட்ட நாட்களில் "ரேடியோவைச் சத்தமா வை ஐவி" என்று மட்டும் வாசலில் நின்று சொல்வான். அன்று ராத்திரி சாப்பிடமாட்டான். மறுநாளும் அரைகுறைதான். ஒன்றிரண்டுக்கே இப்படி என்றால் மொத்தத்துக்கும் என்ன ஆவான்? ஐவிக்கு அதுதான் பயம். வீடு போவதுகூட அப்புறம்தான்.

அந்த நேரத்தில்தான் பிரதமர் அம்மா திடீரென்று தேர்தல் வைத்தார்.

மே மாதத்தில் ஒரு மழை நாள். பக்கத்துப் பண்ணை லயனல் செத்த கன்று ஒன்றை டிரெய்லரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அந்தப் பக்கத்தில் ஆடு மாடு எது செத்தாலும் கொட்டடிக்குத்தான் வரும். தோலை உரித்துக் கறியை நாய்களுக்குப் போடுவார்கள். டெஸ்மண்டும் அவனும் கன்றை இறக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்கள். ஐவி கறி பொதிந்து சுடும் பாஸ்டிக்கு மாவு திரட்டிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு, டர்னிப், மாட்டிறைச்சி, வெங்காயம் எல்லாம் நறுக்கித் தட்டில் இருந்தது.

"பூட்ஸு!" என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

"கழட்டிட்டேம்மா தாயே" என்றான் லயனல். "காலுறை ஓட்டையா இருக்கு, அதையும் பாத்துத் திட்டிடு."

கதவை யாரோ தட்டினார்கள். சட்டையில் நீல ரிப்பன் பூ குத்தின ஒரு பையன். முகத்தில் மழை வழிந்தது. பிரதமர் அம்மாவின் நீலக் கட்சி வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறானாம். இந்த வீட்டில் ஓட்டுக் கேட்பது பாதிரியார் வீட்டில் ஜெபம் பண்ணச் சொல்வதற்குச் சமம். டெஸ்மண்ட் பிறந்ததிலிருந்து நீலம்.

"உள்ள வா தம்பி, நனையாத. டீ குடி" என்றான் டெஸ்மண்ட். "அந்தம்மா ரேடியோவுல சொன்னாங்களே, வேட்டை விஷயம். அது நெசம்தானா?"

"நெசம்தாங்க ஐயா. நம்ம ஆட்சி வந்தா இஷ்ட ஓட்டு வைக்கிறோம். கட்சி இதைப் போடு அதைப் போடுன்னு சொல்லாது. அவங்கவங்க மனசுக்கு என்ன படுதோ அதுக்குப் போடலாம்."

"அவங்கவங்க மனசுக்கு?"

"ஆமாங்க. முழுக்க மனசாட்சிப்படி."

டெஸ்மண்ட் மேஜையில் ஒரு குத்துக் குத்தினான். மாவு பறந்தது. "கேட்டியா லயனல்! அப்படி வைடா ஓட்டை! இத்தனை வருஷமா லண்டன்காரன் நமக்குச் சேர்த்து முடிவு பண்ணினான். இனிமே நம்ம மனசைக் கேக்கப் போறாங்க."

"கேட்டு என்ன பண்ண?" லயனல் உதட்டைப் பிதுக்கினான். "தடை போட்டானே, நரி பிழைச்சிதா? முன்னாடி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு உன் ஹவுண்டு பிடிக்கும். இப்ப நான் லைட்டு அடிச்சுச் சுட்டுத் தள்ளுறேன். நரி கிட்ட யாராவது போய்க் கேட்டாங்களா, எப்படிச் சாவ இஷ்டம்னு?"

"நரிக்கு ஓட்டு இல்லைங்களே" என்று சிரித்தான் பையன்.

"இருந்தா மஞ்சளுக்குப் போடும்" என்றாள் ஐவி. மூன்று ஆம்பிளைகளும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்த விஷயம் உண்மையில் சிரிப்பல்ல. வேட்டையை எதிர்க்கும் மஞ்சள் கட்சிக்குப் போடும் ஓர் ஆள் அந்த அடுக்களையிலேயே மாவு திரட்டிக்கொண்டு இருந்தாள். ஐவி ஒவ்வொரு தேர்தலிலும் மஞ்சளுக்குத்தான் போட்டாள். புருஷனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரே காரில் போவார்கள், பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் நின்று போடுவார்கள், அவன் ஓட்டை அவள் ஓட்டு தின்றுவிடும். திரும்பி வந்து ஒரே கெட்டிலில் போட்ட டீயைக் குடிப்பார்கள். இதில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் உண்டு.

கல்யாணமான புதிதில் ஒரு பெட்டை நரி அவளுடைய முட்டைக்கோஸ் பாத்தியில் வந்து விழுந்தது. ஓடி ஓடி நாக்கு வெளியே தள்ளி, வேலியில் ஏற முடியாமல் திரும்பி நின்றது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்தது. அவள் கையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. செய்ய என்ன இருக்கிறது? குதிரைமேல் இருந்தவர்கள் தொப்பியைத் தூக்கி அவளுக்கு வணக்கம் சொன்னார்கள், பாத்தியை மிதித்ததற்கு மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். அந்த வருஷம் அவள் அந்த முட்டைக்கோஸைச் சமைக்கவில்லை.

மகள் ரோவினா பிரிஸ்டலில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள்.

"அம்மா, அப்பா அந்த நீலக்காரனுக்குத்தான் போடுவாருன்னு தெரியும். நீயாவது யோசிம்மா. உயிரோட பிய்ச்சிப் போடுறாங்கம்மா. அதுக்குச் சட்டத்தைத் திருப்பிக் கொண்டாரணுமா?"

"எனக்குத் தெரியாதாடி? நான் கண்ணால பாத்தவ."

"அப்புறம் என்ன?"

"உங்கப்பன் கையால முப்பத்தேழையும் சுடணும்டி ரோவினா. அதை யாரு பாக்கிறது?"

"வேற வழி இருக்கும்மா. தத்துக் கொடுக்கிற இடமெல்லாம் இருக்கு. நான் விசாரிக்கிறேன்" என்றாள் ரோவினா. பிறகு, "உன் கண்ணு எப்படியிருக்கு? ஊசி போட்டுக்கிட்டியா?" என்றாள்.

ஐவிக்கு இடது கண் மங்கிக்கொண்டே வந்தது. மாதம் ஒருமுறை பக்கத்து டவுன் சின்ன ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி. அந்த ஆஸ்பத்திரியையும் மூடப்போவதாகப் பேச்சு. மூடிவிட்டால் பெரிய நகரத்துக்குப் போக வேண்டும், டெஸ்மண்டுக்கு அந்த நான்கு வழிச் சாலையில் ஓட்டப் பயம். மஞ்சள் கட்சிக்காரர்கள் ஆஸ்பத்திரியைக் காப்போம் என்று வேலிக்கு வேலி அட்டை கட்டியிருந்தார்கள். "கண்ணு இருந்தா இருக்கு, போனா போவுது. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு" என்றாள் ஐவி.

போனை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் மியூசிக் என்ற பெட்டை ஹவுண்டு வந்து முட்டியில் முகத்தை வைத்தது. அந்தக் குழுவில் குட்டிகளை ஜோடி ஜோடியாக வீடுகளுக்குக் கொடுத்து வளர்க்கச் சொல்வது வழக்கம். ஒரு வருஷம் வளர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஐவி எத்தனையோ குட்டிகளை வளர்த்துக் கொடுத்திருக்கிறாள், கண்ணீர் விட்டதில்லை. மியூசிக்கைக் கொடுத்தபோது மட்டும் மூக்கைச் சிந்தினாள். கொட்டடி நாலடி தூரத்தில் இருந்தும் அது அவளுக்கு வேறு ஊர் மாதிரி. போன வேட்டைப் பருவத்தில் முள்கம்பியில் மாட்டி மியூசிக்கின் முன்னங்கால் விரல் போய்விட்டது. அப்போதே முடித்திருக்க வேண்டியது. டெஸ்மண்ட் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினான். நாய்களுக்குக் கஞ்சி ஊற்றும்போது அது மட்டும் நழுவி அடுக்களைப் பக்கம் வந்துவிடும். விடிகாலைப் பாட்டை ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அதுதான். கழுதைக்குப் பேர் பொருத்தமாகத்தான் வைத்தார்கள்.

"உன்னால எனக்குத் தூக்கமே போச்சு" என்று அதன் காதைத் திருகினாள் ஐவி. "உனக்காக நான் நீலத்துக்குப் போடணுமா? சொல்லுடி. போடணுமா?"

ஓட்டுச்சாவடி ஊர்க் கூடத்தில். கதவருகே ஈரக் குடைகள் குவிந்து கிடந்தன. மேஜைக்குப் பின்னால் பிரே டீச்சர் உட்கார்ந்திருந்தார். ரோவினாவுக்கும் பாதி ஊருக்கும் அவர்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் சீட்டு வாங்க வருகிற கிழவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஐவி சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குள் போனாள். கயிற்றில் கட்டின குட்டைப் பென்சில். கண்ணுக்கு எழுத்து அலை அலையாகத் தெரிந்தது. மஞ்சள் ஆளின் பெயர் எங்கே இருக்கிறது என்று கை தானாகவே போய் நின்றது. முட்டைக்கோஸ் பாத்தியில் திரும்பி நின்ற நரி ஞாபகம் வந்தது. பிறகு பின் கொட்டகையிலிருந்து வெறும் கையோடு வரும் புருஷன் முகம் ஞாபகம் வந்தது. "மன்னிச்சிடு" என்று முணுமுணுத்தாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. நீலத்துக்குப் போட்டுவிட்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவை. ஏதோ களவு செய்த மாதிரி அவசரமாக மடித்துப் பெட்டியில் போட்டாள்.

டெஸ்மண்ட் அவளுக்கு முன்பே போட்டுவிட்டு மேஜை அருகில் நின்றுகொண்டிருந்தான். தொப்பி கையில். போகிற மாதிரி தெரியவில்லை.

"என்ன டெஸ்மண்ட்?" என்றார் பிரே டீச்சர்.

"இன்னொண்ணு, டீச்சர்."

"இன்னொண்ணு என்ன?"

"வேட்டைச் சீட்டு. இஷ்ட ஓட்டு."

பிரே டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அப்படி ஒரு சீட்டும் இல்லையேப்பா. ஓட்டு இது ஒண்ணுதான்."

"இல்ல டீச்சர், அந்தப் பையன் வந்து சொன்னான். அவங்கவங்க மனசுப்படி போடலாம்னு. நான் முதல் சீட்டைப் போட்டுட்டேன். ரெண்டாவதை இப்ப குடுப்பீங்களா, தபால்ல வருமா?"

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அதைத் தொற்றிக்கொண்டு வரிசை முழுக்கச் சிரித்தது. பிரே டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பில் தப்புக் கணக்குப் போட்ட பையனிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார். "அது பார்லிமெண்டுல உக்காந்திருக்கிற மெம்பருங்க போடுற ஓட்டு, டெஸ்மண்ட். இஷ்டம்னா அவங்க இஷ்டம். நமக்கில்ல."

"நமக்கில்லையா?"

"இல்லப்பா."

டெஸ்மண்ட் ஓட்டுப் பெட்டியைப் பார்த்தான். அதன் வாயையே பார்த்தான். போட்டதைத் திருப்பி எடுக்கமுடியுமா என்று கேட்பதுபோல இருந்தது. "சரிங்க டீச்சர்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

காரில் அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். ஊர் சிரித்ததில் மனுஷனுக்கு ரோஷம் என்று ஐவி நினைத்தாள். "விடுய்யா. அவனுங்க கிடக்கானுங்க. எப்படியும் நம்ம நீலத்துக்குத்தான போட்டிருக்கோம். அவங்க ஜெயிச்சா அந்த மெம்பரு போட்டுடப் போறாரு" என்றாள். நம்ம என்று சொன்னதில் அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது, முதல் தடவையாக அது நிஜம் அல்லவா. டெஸ்மண்ட் கண்ணாடி துடைப்பானைப் போட்டான். மழை அப்போது நின்றிருந்தது.

மறுநாள் காலையில் அடுப்பில் பன்றிக்கறி பொரிந்துகொண்டிருந்தபோது ரேடியோ சொன்னது. அவர்கள் தொகுதியில் நீலம் ஆயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. நாட்டில் ஜெயிக்கவில்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்தம்மா யாருடனோ கூட்டுச் சேர்ந்துகொண்டு ஆட்சி நடத்தப் போகிறாராம். அதற்குக் கொஞ்சநாள் கழித்துப் புது ஆட்சியின் திட்டத்தை ரேடியோவில் வாசித்தார்கள். ஐவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். வேட்டை என்ற வார்த்தையே வரவில்லை.

"வரலையே" என்றாள்.

"வராது" என்றான் டெஸ்மண்ட். அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "ஐவி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"என்ன?"

"நான் மஞ்சளுக்குப் போட்டேன்."

ஐவி கையில் இருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது.

"உன் கண்ணுக்காகத்தான்டி" என்றான் அவன். "ஆஸ்பத்திரியைக் காப்பாத்துவோம்னு மஞ்சக்காரன் எழுதியிருந்தான். ஹவுண்டுகளுக்குத்தான் வேற சீட்டு தருவாங்களே, அதுல வேட்டைக்குப் போட்டுக்கலாம், இதை உனக்குப் போடலாம்னு நினைச்சேன். ஒரு கல்லுல ரெண்டு மாங்கான்னு இருந்தேன். எங்கப்பன் கேட்டிருந்தா தோலை உரிச்சிருப்பான். போட்டுட்டு நின்னா, டீச்சர் சொல்றாங்க, ஒரு சீட்டுதான்னு. என் கையாலயே என் ஹவுண்டுங்களைக் கொன்னுட்டேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஐவி ஈரக்கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ஏப்ரனில் முகத்தைத் துடைத்தாள்.

"நான் நீலத்துக்குப் போட்டேன்யா."

"எப்பவும் போடுறதுதான."

"எப்பவும் நான் மஞ்சளுக்குத்தான் போடுவேன், கூறுகெட்ட மனுஷா! கல்யாணமானதுலேர்ந்து மஞ்சள்தான். இந்த ஒரு தடவை உனக்காக மாத்திப் போட்டேன்."

டெஸ்மண்ட் அவளை நிமிர்ந்து பார்த்தான். "எப்பவுமா?"

"எப்பவும்."

"அடிப்பாவி" என்றான். கோபமாக அல்ல. "அப்ப எத்தனை வருஷமா நாம ரெண்டு பேரும் வெட்டியா பெட்ரோல் போட்டுப் போயிருக்கோம்?"

"இந்தத் தடவையும் வெட்டிதான்" என்றாள் ஐவி. அவனும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர்கள் வீட்டிலேயே இருந்து உருளைக்கிழங்கு உரித்திருந்தாலும் தொகுதியில் அதே ஆள்தான் ஜெயித்திருப்பான், லண்டனில் அதேதான் நடந்திருக்கும். அதைச் சொல்ல இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

கோடை முழுக்க மழை. வைக்கோல் நனைந்து கறுத்தது. ஆகஸ்டில் ஆஸ்பத்திரிப் படுக்கைகளையும் எடுத்துவிட்டார்கள், அது தனிக்கதை. செப்டம்பரில் ட்ரெஹெர்ன் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். வடக்கே ஒரு குழு பதினாலு ஜோடி எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறதாம், இளசுகள் மட்டும். மீதி நாலரை ஜோடி. வயசானதும் நொண்டியும்.

"வீட்டை உடனே விடச் சொல்லல டெஸ்மண்ட். கிறிஸ்துமஸ் வரைக்கும் இருங்க" என்றார். "மத்த வேலையை நான் வேற ஆளை வெச்சுச் செய்யட்டுமா?"

"வேற ஆளு கையில நிக்காதுங்க சார். பயப்படும்" என்றான் டெஸ்மண்ட்.

ரோவினா தெரிந்த இடத்துக்கெல்லாம் போன் பண்ணியிருந்தாள். ஓரிடத்தில் இடமில்லை. இன்னோரிடத்தில் கூட்டமாகவே வளர்ந்த கிழட்டு வேட்டை நாயை வீடுகளில் வைக்க முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் பார்க்கிறோம் என்றவர்கள் திரும்பப் பேசவில்லை. "நான் இதுக்காகவாம்மா எதிர்த்தேன்? நான் இதைக் கேக்கலையேம்மா" என்று அழுதாள்.

"யாரும் இதைக் கேக்கலடி" என்றாள் ஐவி. "யாரும் கேக்காததுதான் நடக்குது. நீ அழாத. டூட்டிக்குப் போ."

வடக்கிலிருந்து வண்டி வந்தது. டெஸ்மண்ட் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினான். பதினாலு ஜோடி. கதவைச் சாத்தின பிறகும் உள்ளே அவை வாலை ஆட்டி வண்டிச் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. வேட்டைக்குத்தான் போகிறோம் என்று நினைத்திருக்கும்.

அடுத்த காலை வானம் தெளிந்திருந்தது. அநியாயத்துக்கு நல்ல வெயில். டெஸ்மண்ட் பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கோட்டுப் பைக்குள் நிரப்பினான். வழக்கத்தைவிட அதிகம். வாசலில் நின்றான்.

"ரேடியோவைச் சத்தமா வை ஐவி."

"வெக்கமாட்டேன். அந்தச் சனியன் பேசினது போதும்" என்றாள் அவள். "நீ தனியா கேக்கிறதை நானும் கேக்கிறேன்."

அவன் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின் கொட்டகைப் பக்கம் போனான்.

ஐவி மேஜையில் உட்கார்ந்தாள். கையில் வேலை இருக்கட்டும் என்று அவரைக்காயை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள், ஒன்றைக்கூட உரிக்கவில்லை. முதல் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. ஒரு ஜோடி. பின் கொட்டகைக் கதவு திறக்கிற சத்தம், டெஸ்மண்ட் குரல் தணிவாகப் பேசுகிற சத்தம், மறுபடியும் ஒன்று, மறுபடியும் ஒன்று. இரண்டு ஜோடி. எண்ணக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். இத்தனை வருஷப் பழக்கம், தலைக்குள் தானாக எண்ணியது. மூன்று. நடுவில் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, இருமினான், மூக்கைச் சிந்தினான். பிறகு நாலு.

இனி அரைதான் பாக்கி. மியூசிக்.

மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். "சீக்கிரம் முடிச்சிடுய்யா" என்று வாய் சொன்னது. கண் மூடியிருந்தது. கொல்லைப்பக்கம் பூட்ஸ் சத்தம். கூடவே நொண்டி நடக்கிற நகச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு டெஸ்மண்ட் நின்றான், கையில் ஒரு துண்டுக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மியூசிக்.

"பிஸ்கட் தீந்துபோச்சு" என்றான்.

கோட்டுப் பை புடைத்துக்கொண்டு இருந்தது. ஐவி அதைப் பார்த்தாள். எழுந்து போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

மத்தியானம் ட்ரெஹெர்ன் காரை முற்றத்தில் நிறுத்தினார், இறங்கவில்லை. "முடிஞ்சிதா டெஸ்மண்ட்?"

"முடிஞ்சிது சார். நாலு ஜோடி."

ட்ரெஹெர்ன் பிறந்ததிலிருந்து ஜோடிக் கணக்கில் வளர்ந்தவர். அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். திரைச்சீலைக்குக் கீழே வெள்ளையும் பழுப்புமாக ஒரு காது தெரிந்தது. "நாலுதான். சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் எங்கய்யா வெச்சுக்கிறது இவளை?" என்றாள் ஐவி ராத்திரி. டவுனில் வயசானவர்களுக்கான குடியிருப்பில் மாடி வீடு ஒன்று பார்த்திருந்தார்கள். "சின்ன நாய்னா வெச்சுக்கலாம்னு சொன்னான். இவ சின்ன நாயா?"

"நாய் இல்ல. ஹவுண்டு" என்றான் டெஸ்மண்ட்.

விடிந்தது. அடுப்புப் பக்கத்தில் படுத்திருந்த மியூசிக் எழுந்து கொல்லைக் கதவருகே போய் நின்றது. மூக்கைத் தூக்கியது. எப்போதும்போலப் பாட்டை ஆரம்பித்தது. நீளமாக ஒரு ஊளை. நிறுத்தியது. தலையைச் சாய்த்துக்கொண்டு கொட்டடிப் பக்கம் காதைக் கொடுத்தது. மறுபடியும் ஆரம்பித்தது, மறுபடியும் நிறுத்திக் கேட்டது.

மாடியில் ஐவி விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். வாயை அடை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. எவளாவது ஒருத்தி பதில் பாடமாட்டாளா என்று அவளும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் டெஸ்மண்ட் எழுந்தான், கட்டிலுக்கு அடியில் பூட்ஸைத் துழாவினான், இறங்கிப் போனான்.

அவள் எழுந்து டீ போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவன் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கஞ்சி காய்ச்சி முடித்திருந்தான். முழுக் கொட்டடிக்கும் காய்ச்சியிருந்தான். இரண்டு கையிலும் நிறைந்த வாளிகள், ஆவி பறந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான்.

"கீழ வைய்யா" என்றாள் ஐவி. "வெச்சிட்டு உள்ள வா. டீ ஆறிடும்."